முட்டைக் கணக்கு எழுதிய குமரப்பா



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நம் பேரவைச் செயலாளர் வகுப்புக்கு வந்தபோது, ஆளாளுக்கு ஒரு தலைவரைப் பிடித்துக்கொண்டார்கள். அப்துல் கலாமுக்கு மட்டும் மூன்று பேர் போட்டி. விஸ்வேஸ்வரய்யாவை சிவில்காரர்கள் விட்டுக்கொடுப்பார்களா? டெக்ஸ்டைல் இரண்டாம் ஆண்டில், கடைசி பெஞ்சுக்கு முந்தின பெஞ்சில் இருக்கும் நான் ஜே.சி. குமரப்பா என்று சொன்னதும், யாரு அது, பாங்க் மேனேஜரா என்று ஒரு குரல் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. எனக்குக் கோபமில்லை. போன வருஷம் வரைக்கும் எனக்கும் அவரைத் தெரியாது. அந்தக் குரல் சொன்னது முழுக்கத் தப்பும் இல்லை. அவர் உண்மையிலேயே லண்டனில் படித்த ஆடிட்டர்தான்.

எனக்கு அவர் அறிமுகமானது நாட்டு நலப்பணித் திட்ட முகாமில். டி.கல்லுப்பட்டி பக்கம் ஒரு கிராமத்தில் ஏழு நாள் தங்கி, ஊருணிக் கரையில் கருவேலமுள் வெட்டினோமே, அப்போது ஒரு நாள் சாயங்காலம் எங்களை காந்தி நிகேதன் ஆசிரமத்துக்குக் கூட்டிப்போனார்கள். குமரப்பா என்கிற பெரிய பொருளாதார மேதை தம் கடைசிக் காலத்தில் இங்கேதான் இருந்தார் என்று சொன்னார்கள். நான் அருப்புக்கோட்டைக்காரி. விருதுநகரில் பஸ் மாறினால் கல்லுப்பட்டி வந்துவிடும். இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு இந்தப் பெயரையே கேட்டதில்லையே என்று வெட்கமாகப் போய்விட்டது. திரும்பி வந்ததும் நூலகத்தில் தேடிப் படித்தேன். படித்ததில் பாதி என் வீட்டைப் பற்றியே எழுதின மாதிரி இருந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

குமரப்பா 1892 ஜனவரி 4-ஆம் தேதி தஞ்சாவூரில் பிறந்தார். கிறித்தவக் குடும்பம். அப்பா பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். பிள்ளைக்கு வைத்த பெயர் ஜோசப் செல்லத்துரை கார்னிலியஸ். வசதிக்குக் குறைவில்லை. ஆனால் காசு விஷயத்தில் அம்மா எஸ்தர் ராஜநாயகம் கொடுத்த பயிற்சி இருக்கிறதே, அதை நம் வீடுகளில்கூட யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். பிள்ளைகளுக்குச் சின்னதாக ஒரு முதல் கொடுத்து கோழி வளர்க்கச் சொல்வார். முட்டை விற்று வருகிற லாபத்துக்குக் கணக்கு உண்டு. அந்த லாபம் மிட்டாய் வாங்குவதற்கு அல்ல, இல்லாதவர்களுக்குக் கொடுப்பதற்கு. அரை டவுசர் போட்ட பையன், தன் கைக்கு வந்த காசு எங்கிருந்து வந்தது, யாரிடம் போகிறது என்று இரண்டு பக்கமும் பார்த்து எழுதக் கற்றுக்கொண்டான். பிற்காலத்தில் அவர் எழுதிய அத்தனை பொருளாதாரமும் அந்த முட்டைக் கணக்கிலிருந்து கிளம்பியதுதான் என்பது என் அபிப்பிராயம்.

ஆனால் நேராகக் கிளம்பிவிடவில்லை. நடுவில் ரொம்ப தூரம் சுற்றினார். 1912-இல் லண்டன் போய்க் கணக்கியல் படித்து, முதல் உலகப்போர் சமயத்தில் அங்கேயே வேலையும் பார்த்தார். அம்மா வரச் சொல்லி அழைத்ததால் 1919-இல் திரும்பி வந்து, பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் செய்தார். பிறகு கார்னிலியஸ் அண்ட் தாவர் என்று சொந்த நிறுவனம். நல்ல வருமானம், தைத்துப் போட்ட நல்ல சூட்டு. உடை விஷயத்தில் மிகவும் பார்ப்பவராம். 1927-இல் அமெரிக்கா போனார். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு பட்டம் வாங்கிக்கொண்டு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கேதான் திருப்பம்.

இந்தியா ஏன் ஏழை நாடாக இருக்கிறது என்று ஒரு தேவாலயக் கூட்டத்தில் பேசியிருக்கிறார். அது பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்த அவருடைய பேராசிரியர் செலிக்மன், அதையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். எடுத்தார். வெள்ளைக்கார அரசாங்கத்தின் வரவு செலவை ஓர் ஆடிட்டரின் கண்ணோடு புரட்டிப் பார்த்தார். இந்திய விவசாயியிடம் வரியாக வாங்குகிற பணம் அந்த விவசாயிக்கே திரும்பி வருகிறதா என்று தேடினார். பட்டாளத்துக்கும் உத்தியோகஸ்தர் சம்பளத்துக்கும் கடனுக்கும்தான் போயிருந்தது. அதுவரை பிரிட்டிஷ் ஆட்சியைப் பற்றி நல்ல எண்ணம் வைத்திருந்தவருக்கு, ஒரு கணக்குப் புத்தகமே கண்ணைத் திறந்துவிட்டது. 1929-இல் ஊர் திரும்பியதும் கார்னிலியஸ் என்ற பெயரை விட்டுவிட்டு, குடும்பத்தின் பழைய பெயரான குமரப்பாவை எடுத்துக்கொண்டார்.

அந்த ஆய்வை அச்சில் கொண்டுவர காந்தியடிகளைப் பார்க்கலாம் என்று யோசனை வந்தது. 1929 மே 9-ஆம் தேதி சபர்மதி ஆசிரமத்தில் மதியம் இரண்டரை மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். நம் ஆள் பட்டு சூட்டு, கையில் பிரம்பு சகிதம் சில நிமிஷம் முன்னாலேயே போய்விட்டார். ஒரு மரத்தடியில், சாணம் மெழுகின தரையில் ஒரு கிழவர் உட்கார்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்தார். நேரம் இருக்கிறதே என்று இவர் நின்று வேடிக்கை பார்த்தார். சரியாக இரண்டரை ஆனதும் அந்தக் கிழவரே, நீங்கள்தான் குமரப்பாவா என்று கேட்டாராம். அப்புறம்தான் அது காந்தி என்று புரிந்தது. பட்டு சூட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள், வேண்டாம் என்றுவிட்டார்.

இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு ஒன்று தோன்றியது. எங்கள் வீட்டில் தரையில் உட்காருவதை யாரும் தியாகம் என்று சொன்னதில்லை. நாற்காலி இருந்து அதை வேண்டாம் என்று சொன்னால்தான் அது கதை. பட்டு சூட்டு இருந்தவர் கதருக்கு மாறினார், சரி. பாலியஸ்டர் மட்டுமே வாங்க முடிகிறவர்கள் எதிலிருந்து எதற்கு மாறுவது? இந்தக் கேள்வியோடு கொஞ்சம் கோபமாகத்தான் மீதியைப் படித்தேன். அதற்குக் காரணமும் இருக்கிறது.

என் அப்பா கைத்தறி நெசவாளி. சங்கத்தில் நூல் சிட்டம் வாங்கி வந்து, குழித்தறியில் பருத்திச் சேலை நெய்து கொடுத்துக் கூலி வாங்குகிறார். அம்மா தார் சுற்றுவார். விடிகாலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும்போது, பள்ளிக்கூடம் போகும்வரை நானும் ஒரு கை பிடிப்பேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டின முதல் ஆள் நான்தான். பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்ததும் செல்போனில் 499 ரூபாய்க்கு ஒரு சுடிதார் செட் வரவழைத்தேன். சுத்தமான காட்டன் என்று படத்துக்குக் கீழே போட்டிருந்தது. வந்ததும் அப்பா கையில் வாங்கி இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி தீக்குச்சியில் காட்டினார். எரிந்து சாம்பலாகாமல் உருகி, கறுப்பாகக் குண்டுமணி மாதிரி உருண்டுகொண்டது. அந்தச் சோதனையை முதல் செமஸ்டர் லேபில் எங்களுக்குச் செய்து காட்டியபோது, நான் மட்டும் நோட்டில் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன்.

அது ஏமாற்று வேலை, விடுங்கள். எனக்கு உறைத்தது வேறு. அப்பா போட்டிருந்த சட்டையும் அதே குண்டுமணி ரகம்தான். அவர் நெய்கிற துணியை அவர் உடுத்துவதில்லை. கேட்டால் சிரிக்கிறார். நெய்கிறவனுக்குத்தான் அதன் விலை தெரியும் என்கிறார்.

சரி, குமரப்பாவுக்கு வருகிறேன்.

காந்தியடிகள் அவருக்குக் கொடுத்த முதல் வேலை, குஜராத்தில் கேடா மாவட்டத்து மாதர் தாலுகாவில் ஊர் ஊராகப் போய் மக்களின் பொருளாதார நிலையைக் கணக்கெடுப்பது. குஜராத்தி தெரியாது. குஜராத் வித்யாபீட மாணவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் என்ன வருகிறது, என்ன போகிறது என்று எழுதினார். கம்பெனிகளுக்குக் கணக்கு எழுதின கை, முதல் தடவையாக ஏர் பிடிப்பவனின் வீட்டுக்குக் கணக்கு எழுதியது. பம்பாய்த் தொழில் அதோடு முடிந்தது. உப்பு சத்தியாக்கிரக காலத்தில் யங் இந்தியா பத்திரிகையைப் பார்த்துக்கொண்டதற்காகச் சிறை.

1934 ஜனவரியில் பீகாரில் பெரிய பூகம்பம். ராஜேந்திர பிரசாத் நடத்திய நிவாரணப் பணிக்குக் கணக்கு வழக்கு எல்லாம் குமரப்பாவிடம். தொண்டர் ஒருவருக்குச் சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு மூன்றணா என்று நிர்ணயித்தார். காந்தியடிகள் தம் ஆட்களோடு வருகிறார் என்று சேதி வந்தது. அவர்களுடைய சாப்பாட்டுச் செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது என்று குமரப்பா சொல்லிவிட்டார். தர்மப் பணம் யாருக்கென்று வந்ததோ அவர்களுக்குத்தான். காந்தியும் ஏற்றுக்கொண்டார். தஞ்சாவூர் அம்மா சொல்லிக்கொடுத்த கணக்கு, பாருங்கள், காந்திக்கே தள்ளுபடி கொடுக்கவில்லை!

அதே 1934 டிசம்பரில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் உருவானது. வார்தாவில் மகன்வாடி என்ற இடத்தில் அதன் தலைமையகம். நடத்தும் பொறுப்பு குமரப்பாவுக்கு. நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய இடம் இது. கைக்குத்தல் அரிசி, மரச்செக்கு எண்ணெய், பனைவெல்லம், தேனீ வளர்ப்பு, தோல் பதனிடுதல், கைக்காகிதம் என்று ஒவ்வொன்றையும் எடுத்து, கருவிகளைப் பிரித்துப் போட்டு ஆராய்ந்தார்கள். செக்கைத் திருத்தி, மாடு கஷ்டப்படாமல் கூடுதல் எண்ணெய் எடுக்கும்படி செய்தார்கள். மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரிகிற மகன் தீபம் என்ற விளக்கைச் செய்தார்கள். குமரப்பா எழுதிய புத்தகங்கள் அங்கே செய்த கைக்காகிதத்தில் அச்சாயின. 1938-இல் கைத்தொழில்களுக்கென்று ஓர் அருங்காட்சியகமே அங்கே திறந்தார்கள். பழசைப் பழசாகவே வைத்துக் கும்பிடுகிற ஆள் அல்ல அவர். எங்கள் வொர்க்‌ஷாப் மாஸ்டரிடம் விட்டால் அவரோடு இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருப்பார்.

உடையையும் விட்டுவைக்கவில்லை. வேட்டியும் பைஜாமாவும் கலந்த மாதிரி ஓர் உடுப்பைத் தாமே யோசித்துத் தைத்து, தோத்தி ஜாமா என்று பெயரிட்டு அணிந்தார். தையலில் அவருக்கு இருந்த பழைய ஆசை முழுதாகப் போகவில்லை போலிருக்கிறது! இதைப் படித்தபோதுதான் அவர் மேல் எனக்கிருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது.

இறங்கிய கோபத்தைப் புரட்டியே போட்டது அவருடைய ஒரு கருத்து. கடையில் ஒரு டப்பா கோகோ வாங்குகிறோம். விலையைக் கொடுத்தோம், எடுத்துக்கொண்டு வந்தோம், அவ்வளவுதானே என்று நினைக்கிறோம். இல்லை என்கிறார் குமரப்பா. அந்தக் கோகோ மேற்கு ஆப்பிரிக்காவில் ஆட்களைக் கட்டாயப்படுத்தி விளைவித்ததாக இருக்கலாம். வந்த கடல்வழி பீரங்கிக் கப்பல்களின் காவலில் இருக்கலாம். அதைப் பதப்படுத்திய ஆலையில் குழந்தைகள் வேலை செய்திருக்கலாம். ஆட்சி பலத்தால் சுங்கவரியைக் குறைத்து இங்கே இறக்கியிருக்கலாம். அப்படியென்றால் டப்பாவை வாங்குகிறவர் இவை அத்தனைக்கும் பங்காளி. திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினால் போலீஸ் விடுமா? அதே நியாயம்தான் இங்கும். வாங்குகிற பொருளின் பூர்வீகத்தை விசாரிக்க வேண்டும். விசாரிக்க முடியாத தூரத்திலிருந்து வருகிற பொருளைக் குறைத்துக்கொண்டு, செய்கிறவன் எப்படி வாழ்கிறான் என்று கண்ணால் பார்க்க முடிகிற தூரத்தில் செய்ததை வாங்க வேண்டும். சுதேசி என்ற சொல்லுக்கு அவர் கொண்ட பொருள் இதுதான்.

இதைப் படித்துவிட்டு அன்றைக்கு ஹாஸ்டல் மொட்டைமாடியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். என் சுடிதாரில் அப்பா தேடியது இழையை. குமரப்பா தேடச் சொல்வது கையை. அந்த 499 ரூபாய்த் துணியை எந்த ஊரில் எந்தப் பெண் தைத்தாள், அவளுக்கு என்ன கொடுத்தார்கள்? ஒன்றும் தெரியாது. அப்பா நெய்கிற சேலையை வாங்குகிற அம்மாவுக்கும் எங்கள் குழித்தறியைத் தெரியாது. மழைக்காலத்தில் குழியில் ஈரம் ஊறி அப்பாவின் கால் விறைத்துப்போவது தெரியாது. நாங்கள் இரு பக்கமும் ஒருவரையொருவர் பார்க்காமல் விற்றுக்கொண்டும் வாங்கிக்கொண்டும் இருக்கிறோம்.

1942 போராட்டத்தை ஒட்டி மறுபடி சிறைக்குப் போனார். ஜபல்பூர் சிறையில் இருந்தபடி இரண்டு புத்தகங்கள் எழுதினார். ஒன்று இயேசுவின் போதனைகளைப் பற்றியது. மற்றொன்று நிலைத்து நிற்கும் பொருளாதாரத்தைப் பற்றியது, 1945-இல் வெளிவந்தது. அதில் இயற்கையிலிருந்தே உதாரணம் காட்டுகிறார். கொன்று தின்னும் புலி ஒரு வகை. நட்டு வளர்க்காமல் மாந்தோப்பில் புகுந்து தின்றுவிட்டுப் போகும் குரங்கு ஒரு வகை. தன் கூட்டுக்காக உழைக்கும் தேனீ ஒரு வகை. குஞ்சுக்கு இரை தேடிக் கொடுத்துவிட்டு ஒன்றும் எதிர்பார்க்காத தாய்ப்பறவை எல்லாவற்றுக்கும் மேலான வகை. வாழ்க்கைத் தரம் உயர்வு, தாழ்வு என்று பேசுவதையே அவர் ஒப்பவில்லை. எளிமையான வாழ்க்கை, சிக்கலான வாழ்க்கை என்று சொல்லுங்கள் என்கிறார். நிறைய சாமான் சேர்த்தால் சிக்கல் கூடும், அதை உயர்வு என்று யார் சொன்னது என்பது அவர் வாதம். எங்கள் அப்பத்தா இரண்டே பருத்திச் சேலையும் கருப்பட்டிக் காப்பியுமாக எண்பது வயசு வரை இருந்துவிட்டுப் போனார். அவரை ஏழை என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

இயந்திரம் விஷயத்தில் எனக்கும் அவருக்கும் இன்னும் வழக்கு தீரவில்லை. ரயில், மின்சாரம், தபால் போன்ற பொதுக் காரியங்களைப் பெரிய அளவில் அரசாங்கம் நடத்தட்டும் என்று ஒத்துக்கொண்டவர்தான். உணவும் உடையும் கிராமத்தின் கையில் இருக்க வேண்டும் என்பதில்தான் பிடிவாதம். நானோ விசைத்தறியும் ஏர்ஜெட் தறியும் படிக்கிறேன். படித்து முடித்து ஏதாவது ஒரு மில்லில் சேர்ந்தால்தான் வீட்டுக் கடன் அடையும். அந்த மில்லின் ஒரு தறி ஒரு நாளில் தள்ளுகிற துணியை அப்பா எத்தனை நாளில் நெய்வார் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, பாதியில் நிறுத்திவிட்டேன். அப்பாவுக்கு இதில் குழப்பமே இல்லை. இந்தக் குழியில் நீ இறங்கக்கூடாது என்பது ஒன்றுதான் அவர் பேச்சு.

சுதந்திரத்துக்குப் பின் நிலச் சீர்திருத்தத்துக்காக காங்கிரஸ் அமைத்த குழுவுக்குத் தலைவராக இருந்தார். அரசாங்கம் பெரிய ஆலைகள் பக்கம் சாயச்சாய, இவர் பேச்சு டெல்லியில் எடுபடவில்லை. பதவிக்காக வாயை மூடிக்கொள்கிற சுபாவமும் இல்லை. ரத்த அழுத்தம் வேறு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடைசியில் 1950-களில் டி.கல்லுப்பட்டி வந்து சேர்ந்தார். ஒரு சின்னக் குடிசை. சுவரில் காந்தி படம் இருந்தது சரி, ஒரு சாதாரண ஏழைக் கிராமத்தானின் படமும் இருந்ததாம். பார்க்க வந்தவர் இது யார் என்று கேட்க, காந்தி என் எசமான், இவர் என் எசமானுக்கு எசமான் என்கிற பொருளில் பதில் சொன்னாராம். 1960 ஜனவரி 30-ஆம் தேதி காலமானார். காந்தியடிகள் மறைந்ததும் அதே ஜனவரி 30-தான்.

போன பொங்கல் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது, ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு, தறியில் இருந்த சேலைக்கு குமரப்பா பாணியில் கணக்கு எழுதினேன். பருத்தி எங்கே விளைந்தது என்று சங்கத்தில் கேட்டேன், அவர்களுக்குத் தெரியவில்லை. நூல், சாயம், அப்பாவின் கூலி, கடையில் விற்கும் விலை எல்லாம் எழுதியாயிற்று. கூலி என்று வருவது கடை விலையில் பாதிகூட இல்லை. தார் சுற்றுதல் என்று எழுதிவிட்டு, அம்மாவுக்கு என்ன கூலி என்று அப்பாவிடம் கேட்டேன். நாடாவைக் கையில் பிடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார். அது சேலைக் கூலியிலேயே அடக்கம் என்றார். அம்மா ராட்டையை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். அப்புறம் மறுபடி சுற்ற ஆரம்பித்தார். அந்தக் கட்டத்தில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை.